உங்க இஷ்டம்

ஜனவரி 12, திங்கள்

காலையில் பல் லேபில் மூன்று பல் செட், ஒரு கிரவுன் செய்து முடித்தேன். மாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாப்பிட்டிருப்பேன், டப்பா காலியாகத்தான் இருக்கிறது.

கருத்தரிப்பு மையத்து ஆலோசகர் அம்மா, "மனசுல தோணறதை தினமும் ரெண்டு வரி எழுதுங்க, போதும்" என்றார். தோன்றினால் எழுத மாட்டேனா? பல் டாக்டர் மரப்பு ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்கும்? இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அப்படித்தான் இருக்கிறது எனக்கு. அது உதட்டோடு நிற்கும், சாயங்காலத்துக்குள் போய்விடும். இது ஆகஸ்டில் ஆரம்பித்தது, தலை முதல் கால் வரை.

ஆகஸ்டில் மூன்றாவது தடவையும் கரு நிற்கவில்லை. அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

ஜனவரி 13

மழை. ஓடவில்லை. வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பத்து கிலோமீட்டர். பூங்காவையே சுற்றிச் சுற்றி, செக்கு மாடு மாதிரி.

இந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறேன். செப்டம்பரில் ஒரு நாள் இவர் வேலை முடிந்து வந்தார். கையில் கிரீஸைக்கூடக் கழுவவில்லை, "பேர் குடுத்துட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"அரை மாரத்தான். மார்ச்ல. கடற்கரை ஊர்ல நடக்குது. அப்படியே நாலு நாள் தங்கிட்டு வரலாம். ரெண்டு பேருக்கும் குடுத்துட்டேன்."

பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஜோடி நாங்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆயுசு முழுக்க மேலேயும் கீழேயும்தான், ஒரு தடவையாவது நேராகப் போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது போல என்று நினைத்தேன். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"உனக்கு வேணாம்னா விட்ரலாம். உன் இஷ்டம்."

"எனக்கென்ன இருக்கு. உங்க இஷ்டம்."

எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான் முடிவாகும். திரைச்சீலையின் நிறம், ராத்திரிச் சாப்பாடு, வைத்தியம், எல்லாமே. உன் இஷ்டம், உங்க இஷ்டம் என்று பந்தை மாற்றி மாற்றித் தட்டுவோம். அது எங்கே போய் விழுகிறதோ அதுதான் முடிவு. பதினோரு வருஷத்தில் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள், "என் தங்கச்சி வீட்ல குரல் ஒசந்து ஒருநாள் கேட்டதில்ல" என்று.

இன்று ஓடி முடித்ததும் இவர் ஊஞ்சல் பக்கம் போய் நின்றுவிட்டார். நாலைந்து குழந்தைகள் மாறி மாறி ஆடின. நான் ஷூ லேஸை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஆசை இருக்கத்தானே செய்யும்.

ஜனவரி 23, வெள்ளி

லேபுக்கு ஒரு குழந்தையின் கீழ்த்தாடை அச்சு வந்தது. ஆறு வயதுக்குள் இருக்கும். முதல் வார்ப்பில் ஓரம் கொஞ்சம் உடைந்துவிட்டது, இரண்டாவதாக வார்த்து அதைத்தான் அனுப்பினேன். உடைந்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பிளாஸ்டர் மாவு அப்படி வழவழவென்று வந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபேன் காற்றில் பறக்கிற காகிதங்கள் மேல் பாரமாக வைத்தேன்.

இவர் பார்த்தார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பூவை வைக்கிற மாதிரி திருப்பி வைத்தார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இவர் குதிகாலில் கொப்புளம். ஊசியைச் சுட்டு நான்தான் குத்திவிட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். வைத்தியம் நடந்தபோது எனக்குத் தினமும் வயிற்றில் ஊசி போட்ட மனுஷன். முதல் நாள் போட்டுவிட்டுப் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தது எனக்குக் கேட்டது. மறுநாளும் போட்டார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. போடுவதற்கு முன்னால் கையை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். அவ்வளவு ஆசை.

பிப்ரவரி 11, புதன்

மையத்திலிருந்து போன். கடைசியாக ஒரு கரு பாக்கி இருக்கிறது. உறைய வைத்திருக்கிறார்கள். வைத்துப் பார்ப்பதா, விட்டுவிடுவதா, மார்ச் முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். போனில் பேசிய நர்ஸ், "அவசரமில்ல மேடம், நிதானமா யோசிச்சு ரெண்டு பேரும் பேசிட்டு சொல்லுங்க" என்றாள். நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும், நாங்கள் பேசுகிற லட்சணம்.

சாப்பிடும்போது சொன்னேன். இவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நீ என்ன நினைக்கற?" என்றார்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"உன் உடம்பு. உன் இஷ்டம்தான்."

"நீங்க சொல்றதுதான்."

பிறகு ஓட்டம் முடிந்து அந்த ஊரிலேயே உட்கார்ந்து பேசலாம் என்று ஆனது. கடலைப் பார்த்தால் பேச்சு வரும் என்று யார் சொன்னது? ஆனாலும் சரி என்றேன். ஒரு மாதம் தள்ளிப்போகிறதே.

பிப்ரவரி 22, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர். கால் நகம் ஒன்று கறுத்துவிட்டது. பார்த்தேன், வலிக்க வேண்டும் என்று தெரிந்தது.

வந்ததும் அத்தையின் போன். இவருடைய அம்மா இவரிடம் பேசுவதைவிட என்னிடம்தான் அதிகம் பேசுவார். "ஓடாதம்மா, ஓடினா கர்ப்பப்பை எறங்கிடுமாம். எதுத்த வீட்ல சொன்னாங்க." எதிர்வீட்டம்மா டாக்டரா அத்தை என்று கேட்க வாய் வரை வந்தது. "சரி அத்தை" என்றேன். இவர் காதில் விழுந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

மார்ச் 5, வியாழன்

லேபில் இன்று சீனியர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தார். "ஒருத்தர் பல்லு இன்னொருத்தர் வாய்க்குப் போகக் கூடாது. அதுதான் இந்தத் தொழில்ல முதல் பாவம். இந்தம்மா மேஜையிலேர்ந்து ஒரு தடவைகூட மாறிப் போனது கிடையாது, பாத்துக் கத்துக்கோங்க" என்று என்னைக் காட்டினார். நான் எழுந்து நின்று வணக்கம் சொல்லாததுதான் பாக்கி.

சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன். இவர் கேட்டதும் "சரி, இன்னொரு தடவை பாத்துரலாம்" என்று சொல்லிவிட வேண்டும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன், வேறு எங்கேயும் சொல்லப்போவதில்லை. மறுபடி அந்த ஊசி, அந்தக் காத்திருப்பு, மறுபடி அந்தப் பாத்ரூம் தரை. வேண்டாம். ஆனால் ஊஞ்சலை அப்படிப் பார்க்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

இன்னொரு தடவை என்றால் என்ன, மரத்துப்போன உடம்புதானே. தாங்கும்.

மார்ச் 13, வெள்ளி

ரயில். ஆறு மணி நேரம். இவர் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, வழி முழுக்க என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டால் கொடுத்திருப்பேனே.

ஓட்டல் பழைய கட்டடம். நாலாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் இவர் உள்ளே காலை வைத்தார், தலையைச் சாய்த்து ஏதோ கேட்டார், காலை வெளியே எடுத்துவிட்டார்.

"இதுல ஏறாத."

"ஏன்?"

"வேணாம். சத்தம் சரியில்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னவர். ஓட்டல்காரர் பின்னாலேயே வந்து, "சார், போன வாரம்தான் சர்வீஸ் பண்ணோம் சார்" என்று கெஞ்சினார். "அதான் சொல்றேன்" என்றார் இவர்.

அறையிலிருந்து கடல் தெரிகிறது. பெரிதாக இருக்கிறது. பார்த்தேன்.

மார்ச் 14, சனி

நம்பர் அட்டை வாங்கப் போனோம். பெரிய கூடாரம், நீள வரிசை, ஆளுக்கு ஒரு பை. பையில் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, நம்பர் அட்டை, நாலு ஊக்கு, ஒரு வாழைப்பழம். அட்டையின் பின்பக்கம் ஒரு கட்டம்: ஓடும்போது ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? இவர் அட்டையில் என் போன் நம்பரை எழுதினார். என் அட்டையில் நான் இவருடையதை எழுதினேன். வேறு யார் இருக்கிறார்கள்.

கடலோரமாக நடந்தோம். பக்கத்தில் ஒரு ஜோடி படம் எடுத்துத் தரச் சொன்னது. இவர் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் "உங்களையும் எடுக்கட்டுமா?" என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். "பரவால்லங்க" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சட்டைகளில் அட்டைகளைக் குத்தி நாற்காலியில் போட்டுவிட்டேன். நாளைக்கு ஓட்டம். அப்புறம் பேச்சு.

மார்ச் 15, ஞாயிறு, மதியம்

தலையணை மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே குழம்பும்.

விடியாத இருட்டில் கிளம்பினோம். தொடங்கும் இடத்தில் ஆயிரம் மஞ்சள் சட்டை. "நீங்க முன்னாடி போங்க, எனக்காக நிக்காதீங்க" என்றேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீளக் கால், சீக்கிரமே கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

முதல் பத்து ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கடைகள், முன்னால் யாரோ ஒருவருடைய முதுகு. பதினாலில் கால் நின்றது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. கடல் சுவரின் மேல் உட்கார்ந்தேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்திருப்பதா, படுப்பதா, எதுவும் தோன்றவில்லை. மயக்கம்கூட இல்லை. சாவி கொடுத்த பொம்மை நின்ற மாதிரி.

முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு நர்ஸ் அம்மா வந்தார், நல்ல வாட்டசாட்டம். "பேர் என்னம்மா? எந்த ஊரும்மா? இந்தா, என்னைப் பாரு." கேட்கிறது, வாய் வரவில்லை. தண்ணீரை முகத்தில் அடித்தார். என் நெஞ்சில் இருந்த அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த நம்பரைப் போனில் அடித்தார்.

என் இடுப்பில் இருந்த பையில் போன் அடித்தது.

நர்ஸ் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாங்க, என்ன ஜனங்களோ" என்று அலுத்துக்கொண்டார். என் இடுப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. பழக்க தோஷம், எடுத்தேன்.

"ஹலோ."

"ஹலோ, அம்மா, உங்களுக்கு வேண்டியவங்க ஒருத்தங்க இங்க பதினாலாவது கிலோமீட்டர்ல உக்காந்திருக்காங்க. ஆள் ஒரு மாதிரி இருக்காங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"அது நான்தாங்க."

திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். "அடிப்பாவி! உன் நம்பரையே எழுதி வெச்சிருக்கியா? உனக்கு யாருமே இல்லையா?" என்றார்.

சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ, வயிற்றின் அடியிலிருந்து. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. பிறகுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கையெழுத்து இவருடையது. ஊக்குக் குத்தும்போது மாற்றிவிட்டிருக்கிறேன். ஒருத்தர் பல்லை இன்னொருத்தருக்கு மாற்றாத மகராசி.

அப்படியென்றால் என் அட்டை இவர் நெஞ்சில். அதன் பின்னால் இவருடைய நம்பர். இவர் எங்கேயாவது விழுந்தால், கூப்பிடுகிறவர்கள் இவரையேதான் கூப்பிடுவார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரியவே தெரியாது.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஐயோ, ஐயோ என்று நான் சொல்வது எனக்கே கேட்டது. நாற்பத்திரண்டு வயசு, அப்பாவுக்கு இதயக்கோளாறு, நாலு மாடி பெட்டி தூக்கின மனுஷன், எங்க போய் விழுந்து கெடக்காரோ. பயம். வெறும் பயம். ஆகஸ்டுக்குப் பிறகு என் உடம்புக்குள் வந்தது முதலில் சிரிப்பு, அடுத்து இது.

நர்ஸ் அம்மா தண்ணீர் வண்டியில் ஏற்றிவிட்டார். முடிகிற இடத்தில் போய் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். முழங்காலைத் தூக்க முடியாமல், வாயைத் திறந்துகொண்டு, நெஞ்சில் என் நம்பரோடு. கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் பதக்கம் வாங்க ஓடினார்கள். இவர் மட்டும் திரும்பி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வரவேண்டிய வழி. நான் பின்னால் போய்த் தோளைத் தொட்டேன்.

"நீ எப்படி எனக்கு முன்னாடி வந்த?" என்றார்.

அதற்குள் என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது: வாழ்த்துகள், நீங்கள் வெற்றிகரமாக ஓட்டத்தை முடித்துவிட்டீர்கள். கோட்டைத் தாண்டியது என் அட்டைதானே.

ஓட்டலுக்குத் திரும்பி வந்ததும் இவர் நேராகப் போய் லிஃப்டில் ஏறினார். "சத்தம்?" என்றேன். "விழுந்தா விழட்டும்" என்றார்.

அதே நாள், மாலை

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு நர்ஸ் அம்மா கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. தேய்த்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் கேட்டார், "நிஜமா, ஏன் நின்னுட்ட?"

"தெரியல. எனக்கு ஓடணும்னே இல்ல. உங்களுக்கு ஆசைன்னுதான் ஓடினேன்."

எழுந்து உட்கார்ந்தார். "எனக்கா? எனக்கு என்ன ஆசை? நீ இப்படி செவுத்தைப் பாத்துட்டே உக்காந்திருக்கியேன்னு, உனக்காகத்தானே பேர் குடுத்தேன்? எனக்கு முட்டி ரெண்டும் போச்சு."

மறுபடி சிரித்தோம். ஆறு மாதம், நகம் கறுக்க, கொப்புளம் உடைய, இருவருக்கும் பிடிக்காத ஒன்றை... சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நின்றது. நான்தான் கேட்டேன்.

"அப்போ... அதுவும்?"

"எனக்குப் போதும்னு தோணி ரெண்டு வருஷமாச்சு" என்றார். "முதல் தடவை நிக்காம போச்சே, அன்னிக்கே. உன்னைப் பாத்ரூம் தரையிலேர்ந்து தூக்கினேன்ல, அப்பவே. நீ ஆசைப்படறியேன்னுதான்..."

"நான் ஆசைப்பட்டேனா?"

"அந்தப் பிள்ளைப் பல்லைக் கொண்டாந்து வீட்ல வெச்சியே."

"அது பறக்கற பேப்பருக்கு பாரம்! நீங்கதான் ஊஞ்சலைப் பாத்துட்டே நின்னீங்க!"

"சங்கிலி தேஞ்சிருந்தது. பாதி கொக்கி போயிடுச்சு. குழந்தைங்க விழுந்துரும்னு பாத்துட்டு நின்னேன். மறுநாளே பூங்கா ஆபீஸ்ல சொல்லி மாத்த வெச்சேன்."

சங்கிலி. சங்கிலியைப் பார்த்தாராம்.

அதற்கப்புறம் என்ன ஆனதென்று சரியாக நினைவில்லை. கத்தினேன். நான். "ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷம்டா! எத்தனை ஊசி! எத்தனை நாள் வயித்தைத் தொட முடியாம கெடந்தேன்! உனக்கு வேணும்னு நெனச்சு நான் சாகறேன், நீ வேணாம்னு வெச்சுக்கிட்டு ஊசி குத்திட்டிருந்தியா? வாயில என்ன கொழுக்கட்டையா?" பதினோரு வருஷத்தில் இவரை முதல் தடவையாக நீ என்று சொன்னேன், டா என்று சொன்னேன். தலையணையைத் தூக்கி அடித்தேன்.

"நீயும்தானே சொல்லல?" என்று அவரும் கத்தினார். "உன் இஷ்டம் உன் இஷ்டம்னு கேட்டேனே, ஒரு தடவையாவது வேணாம்னு சொன்னியா? ஒவ்வொரு ஊசிக்கும் நான் என்ன பாடுபட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். வாந்தி எடுத்தது கேட்டது.

பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள். எங்களை! சத்தம் போடாதீர்கள் என்று எங்களை! அக்காவிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

இவர் இப்போது பால்கனியில் இருக்கிறார். நான் கட்டிலில். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது. நல்ல கொதிக்கிற கோபம்.

மார்ச் 16, திங்கள்

பேசவில்லை. காலை உணவில் எதிரெதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிட்டோம். உப்பைக் கேட்காமலே நகர்த்தினார். எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் கடற்கரையில், இரண்டு பேருக்கும் நடக்க முடியாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தபோது கேட்டார், "இப்போ சொல்லு. எனக்காக இல்லாம. உனக்கு என்ன வேணும்?"

சொல்ல முடியவில்லை. சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் அந்தப் பக்கம் யோசித்ததே இல்லை. கொஞ்ச தூரம் போய், "வேணாம்" என்றேன். "ஆனா கடைசியா ஒண்ணு அங்க இருக்கே. அதை நெனச்சா..."

"எனக்கும் வேணாம்" என்றார். "அதை நெனச்சா எனக்கும்தான்."

அலை வந்து ஷூ நனைந்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

ரயில். ஏறியதுமே, "எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்" என்றார். ஒரு மாதிரி வெட்கத்தோடு. எழுந்து கொடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 20, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சூப் என்றேன். தனக்கு வேண்டாம், முட்டை வேண்டும் என்றார். இரண்டும் செய்தோம். பாத்திரம்தான் கூட.

இன்னும் முழுசாகக் கோபம் போகவில்லை. அதையும் சொன்னேன். "தெரியுது, அடுப்புல வெக்கற சத்தத்துலயே தெரியுது" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

மையத்துக்குப் போனோம். டாக்டரம்மா இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். நான் உள்ளே சொன்னதையே அவரும் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி.

வேண்டாம் என்று கையெழுத்து போட்டாகிவிட்டது. பிறகு ஆய்வகத்துப் பெண்ணிடம் இவர் கேட்டார், "என்ன செய்வீங்க?" மெஷினைப் பற்றிக் கேட்கிற குரலில்தான் கேட்டார். வேறு குரல் வரவில்லை போலிருக்கிறது.

"டேங்க்லேர்ந்து எடுத்து வெளிய வெச்சிடுவோம் சார். அவ்வளவுதான். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு."

"ஒரு தடவை பாக்கலாமா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "பாக்க ஒண்ணும் இருக்காதுக்கா. கண்ணுக்குத் தெரியாது" என்றாள். பிறகு, "நான்தான் எடுப்பேன். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் இவர் அத்தைக்குப் போன் செய்து தானே சொன்னார். என்னிடம் கொடுக்கவில்லை. "இல்லம்மா, இனிமே இல்ல. நாங்க ரெண்டு பேரும்தான். அவளைக் கேக்காதீங்க, கேக்கணும்னா என்னைக் கேளுங்க." அந்தப் பக்கம் அத்தை அழுவது கேட்டது. இவர் போனை வைக்காமல், அழுது முடிகிற வரைக்கும் நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் 25, புதன்

இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. பேசி வைத்துக்கொண்டதில்லை. நான் லேபுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு வந்தால், இவர் சட்டைகூட மாற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்தேன். காபி ஆறியது. பத்து மணி ஆனது.

"இந்நேரம் எடுத்திருப்பாங்களா?" என்றார்.

"எடுத்திருப்பாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு நாளா குளிர்ல இருந்துச்சு" என்றார். "இப்பதான் வெளிய வந்திருக்கும்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். "வெளிய நல்ல வெயில்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் உடைந்துவிட்டது. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தமாக, வாய் கோண, மூக்கு ஒழுக. ஆகஸ்டில் அழாதது, அதற்கு முன்னால் அழாதது, எல்லாம். இவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும்தான் அழுதார். கையை என் முதுகில் வைத்துக்கொண்டு, மெதுவாக, "எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

"எல்லா எடத்துலயும்" என்றேன்.